வாக்குச் சதவீதம் சொல்வதும் சொல்லாததும்



வாக்குப்பதிவு முடிந்த மாலையில் நாம் முதலில் கேட்பது, "எத்தனை சதவீதம்?" என்பதுதான். அந்த எண் மக்களின் ஆர்வத்தை மட்டும் காட்டுவதில்லை. எத்தகைய ஆட்சியில் வாக்களிக்கிறார்கள் என்பதையும் காட்டுகிறது.

2002இல் ஈராக்கில் சதாம் உசேன் நடத்திய வாக்கெடுப்பில் நூற்றுக்கு நூறு பேர் வாக்களித்ததாக அரசு அறிவித்தது. போட்டியாளர் யாருமில்லை. அந்த நூறு, அச்சத்தின் அளவு. 2005 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில், புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ ஒரு சதவீதமே பதிவானது. அதுவும் அச்சமே. அத்தேர்தலில் வெற்றி வித்தியாசம் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. போடாத வாக்குக்கும் எடை உண்டு.

சிங்கப்பூரில் குடிமக்கள் வாக்களிப்பது சட்டப்படி கட்டாயம். காரணமின்றித் தவறினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். எனவே அங்கே 90 சதவீதத்தைத் தாண்டுகிறது.

நம் நாட்டில் மிரட்டலும் இல்லை, கட்டாயமும் இல்லை. 1920இல் மதராஸ் மாகாணத்தில் சொத்தும் வரியும் உள்ள சிலருக்கே வாக்கு இருந்தது. எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்த 1951–52 பொதுத்தேர்தலில் சுமார் 45 சதவீதம். 2024இல் சுமார் 66. அதே 2024இல், ஒரே சட்டம், ஒரே நாள். தருமபுரியில் 81 சதவீதம், மத்திய சென்னையில் 54. ஊரில் "ஓட்டுப் போட்டாச்சா?" என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். நகரத்தில் வீடு மாறியவரின் பெயர் பழைய முகவரியிலேயே கிடக்கிறது.

சதவீதம் சொல்லாத ஒன்றும் உண்டு. அது பட்டியலில் உள்ளவர்களை வைத்தே கணக்கிடப்படுகிறது. பெயரே இல்லாதவர் "வராதவர்" கணக்கிலும் சேரமாட்டார். நம் பகுதியிலும் வாக்காளர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டியலில் பெயரின்றித் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறோம். அட்டை மட்டும் போதாது. பட்டியலில் பெயர் வேண்டும்.

திருமணமாகி வந்த மருமகள், திருப்பூரிலும் கேரளாவிலும் வேலைபார்த்துத் திரும்பியவர், பதினெட்டு நிரம்பிய பிள்ளை: இவர்கள் பெயரை இப்போதே பாருங்கள். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. முகவரி மாற்றத்துக்கும் பிழைதிருத்தத்துக்கும் படிவம் 8. விவரம் கேட்க 1950 என்ற எண்ணை அழைக்கலாம். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் ஜும்ஆவுக்குப் பின் நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

யாருக்கு வாக்கு என்பது அவரவர் முடிவு. அதில் நாங்கள் தலையிடுவதில்லை. வாக்குச்சாவடி வரை போய் யாரும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பதே எங்கள் கவலை.