சம்மட்டி எடுத்த அதிபர்

போரில் ஜெயித்த ஒரு தலைவர், ஜெயித்த கையோடு ராணுவத்தையே கலைத்தார் என்றால் நம்புவீர்களா?

மத்திய அமெரிக்காவில் இருக்கும் கோஸ்டா ரிகாவில் நடந்தது இது. உள்நாட்டுப் போரில் வென்று ஆட்சிக்கு வந்த ஹோசே ஃபிகேரெஸ், 1948 டிசம்பர் முதல் தேதி, தலைநகர் சான் ஹோசேயின் ராணுவக் கோட்டைக்குப் போனார். சம்மட்டியைத் தூக்கி அதன் மதிலில் ஓங்கி ஒரு போடு போட்டார். ராணுவம் இனி வேண்டாம் என்பதற்கு அதுவே அடையாளம். துணிச்சல் என்றால் இதுதான், இல்லையா?

அந்தக் கோட்டைதான் இன்று தேசிய அருங்காட்சியகம். குண்டு துளைத்த தழும்புகளை அதன் சுவரில் இப்போதும் பார்க்கலாம். ஃபிகேரெஸ் பிறகு தேர்தலில் நின்று இரண்டு முறை அதிபரானார். அவருக்குப் பின் எத்தனையோ ஆட்சிகள் மாறிவிட்டன. கோஸ்டா ரிகா இன்றும் ராணுவம் இல்லாமலே வாழ்கிறது.