பக்கவாதத்தின் முதற்குறிகள்

மனித உடலின் எடையில் மூளை ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே ஆகும். ஆயினும், உடல் செலவிடும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கு வேண்டியிருக்கிறது. அதனைச் சேமித்து வைக்கும் வசதி மூளைக்கு இல்லை. ஆதலால், இரத்த ஓட்டம் சில நிமிஷங்கள் தடைப்பட்டாலும் மூளையின் உயிரணுக்கள் மடியத் தொடங்குகின்றன. இரத்தக் குழாயை உறைகட்டி அடைத்துக்கொள்வதாலோ, குழாய் வெடித்து இரத்தம் கசிவதாலோ நேரும் இக்கேட்டையே பக்கவாதம் என்கிறோம். அடைப்பினால் வருவதே மிகுதி.

இந்நோயின் இயல்பு ஒன்று மக்களை ஏமாற்றிவிடுகிறது. பெரும்பாலும் இதில் வலி இருப்பதில்லை. களைப்பென்று எண்ணிப் படுத்துவிடுவோரும், பொழுது விடியட்டும் என்று காத்திருப்போரும் பலர். ஆகவே, நோயை முதலில் அறியவேண்டியவர் உடனிருப்பவரே ஆவார்.

ஐயம் தோன்றியவுடன் மூன்று சோதனைகள் செய்து பார்க்கலாம். சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? கண்ணை மூடி இரு கைகளையும் முன்னே நீட்டச் சொன்னால் ஒரு கை தாழ்கிறதா? எளிய வாக்கியம் ஒன்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் நாக்குழறுகிறதா, சொல் மாறுகிறதா? இவற்றுள் ஒன்று திடீரெனக் காணப்பட்டாலும் அவசர நிலை எனக் கொள்ள வேண்டும். திடீர்ப் பார்வைக் குறைவு, நடையில் தள்ளாட்டம், முன்பு அறியாத கடுந்தலைவலி ஆகியனவும் குறிகளே. சில நிமிஷங்களில் குறிகள் மறைந்துவிட்டாலும் அமைதி அடைதல் கூடாது. பெருந்தாக்குதலுக்கு அது முன்னறிவிப்பாக இருக்கக் கூடும்.

1964 ஜனவரியில் புவனேசுவரத்தில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது பிரதமர் நேரு பக்கவாதத்தால் தாக்குண்டார். அவருடைய உடலின் இடப்பாகம் தளர்ந்தது. அடைப்பைக் கரைக்கும் சிகிச்சை அந்நாளில் வழக்கில் இல்லை. 1995-ல் வெளியான அமெரிக்க ஆய்வு, மூன்று மணி நேரத்துக்குள் அம்மருந்தைச் செலுத்தினால் பயன் உண்டென்று காட்டியது. 2008-ல் ஐரோப்பிய ஆய்வொன்று அவ்வெல்லையை நாலரை மணியாக நீட்டியது. பெரிய குழாயின் அடைப்பைக் கருவியால் அகற்றும் முறை 2015-ல் வெளியான ஆய்வுகளால் உறுதிப்பட்டது. ஆனால், குறி தோன்றிய நேரம் தெரிந்தால்தான் வைத்தியர் இவற்றைத் தக்கபடி கையாள முடியும். உறக்கத்தில் நோய் கண்டிருப்பின், கடைசியாக நலமாகக் காணப்பட்ட நேரமே கணக்கு.

புனே நகரின் கிழக்கே முளா-முட்டா ஆற்றை ஒட்டிய கராடி போன்ற இடங்களில் இந்நேரத்தை அறிவது எளிதன்று. ஒருகாலத்தில் சிற்றூராயிருந்த அங்கே இன்று கணிப்பொறி அலுவலகங்கள் நிறைந்துள்ளன. பிற மாநிலங்களிலிருந்து வந்து பணிபுரிவோரின் முதிய பெற்றோர் பகலில் தனித்திருக்க நேர்கிறது. மராத்தி மட்டுமே அறிந்த அண்டை வீட்டாருக்குத் தமிழ் மூதாட்டியின் பேச்சுக் குழறியது புலப்படாது. தொலைபேசியில் குரல் கேட்கும் மகனோ மகளோ அதனை உடனே உணரலாம். நாள்தோறும் குறித்த வேளைகளில் பேசும் வழக்கம் இருந்தால், நலமாயிருந்த நேரமும் தெளிவாகும். முகமும் கையும் காட்டும் குறிகளுக்கோ மொழி வேண்டுவதில்லை. அவற்றை அண்டை வீட்டாருக்கும் சொல்லி வைத்தல் நலம்.

குறி கண்டதும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொள்ள வேண்டும். மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் 108 என்ற எண்ணுக்குச் சொன்னால் ஆம்புலன்ஸ் வரும். இரவும் பகலும் மூளையை ஸ்கேன் செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்கே நோயாளியைக் கொண்டுசெல்ல வேண்டும். விழுங்கும் திறன் குன்றியிருக்கலாமாதலால் நீரும் உணவும் கொடுத்தல் கூடாது. ஆஸ்பிரின் மாத்திரையும் கூடாது; இரத்தக் கசிவாயின் அது தீங்கை மிகுதிப்படுத்தும். எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவதில் கழியும் ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டமே.

பாட்டனாருடன் வீட்டில் இருப்பது பல வேளைகளில் பள்ளிச் சிறுவனே. அம்மூன்று சோதனைகளையும், 108 என்ற எண்ணையும், நேரம் குறிக்கும் பழக்கத்தையும் ஆசிரியர்கள் ஒரு பாடவேளையில் கற்பித்துவிடலாம். களப்பணியாளர்கள் வீடுதோறும் செல்லும்போது இவற்றை நடித்துக் காட்டலாம். இதற்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை.