நீரும் காற்றும் சேர்ந்து ஓடினால்...

சாரல் காலத்தில் குற்றாலத்திற்குச் சென்றால் பேரருவி தொலைவிலேயே வெள்ளைவெளேரென்று தெரியும். ஆனால் அந்த நீரைக் கையில் ஏந்திப் பாருங்கள். அதற்கு நிறமே இல்லை! நிறமற்ற நீர் அருவியில் மட்டும் ஏன் வெண்மையாகத் தோன்றுகிறது?

விழும்போது நீர் காற்றுடன் கலக்கிறது. எண்ணற்ற துளிகளும் குமிழிகளும் உண்டாகின்றன. அவற்றின் மேற்பரப்பில் படும் ஒளி, எல்லா வண்ணங்களும் சேர்ந்தபடியே நாலாபுறமும் சிதறுகிறது. ஆகவே நம் கண்ணுக்கு வெண்மை தெரிகிறது. அருவி என்பது வெறும் நீர் அன்று. நீரும் காற்றும் சேர்ந்து ஓடும் கலவையாகும்.

திண்மம், திரவம், வாயு என்று பொருளின் நிலைகளைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். இவற்றுள் இரண்டோ மூன்றோ ஒருங்கே ஓடுவதைப் ‘பலநிலைப் பாய்வு’ எனலாம். ஒன்றோடொன்று கலவாத எண்ணெயும் நீரும் சேர்ந்து ஓடுவதும் இதில் அடங்கும்.

பேரருவியின் உயரம் சுமார் 60 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து தடையின்றி விழும் பொருள் வினாடிக்கு 34 மீட்டர் வேகம் பெறும். அந்த வேகத்தில் நீர் தலைமேல் விழுந்தால் நம்மால் தாங்க முடியுமா? நல்ல வேளையாக, வழியில் ‘பொங்குமாங்கடல்’ என்னும் ஆழமான பள்ளம் நீரை வாங்கி, வேகத்தை அடக்கி, பிறகு வழியவிடுகிறது. துளிகளாக உடைந்த நீரைக் காற்றும் தடுக்கிறது. பெரிய மழைத்துளிகூட வினாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டருக்கு மேல் வேகம் கொள்வதில்லை.

இனி ஓர் ஆழ்துளைக் கிணற்றைப் பார்ப்போம். பல ஊர்களில் ‘கம்ப்ரசர்’ வைத்து நீர் இறைக்கிறார்கள். அழுத்தப்பட்ட காற்று ஒரு குழாய் வழியே கிணற்றின் அடிக்குச் செல்கிறது. அது நீர் ஏறும் குழாயில் குமிழிகளாகக் கலந்ததும் அங்குள்ள நீர்ப்பத்தி இலேசாகிவிடுகிறது. குழாய்க்கு வெளியே உள்ள கனமான நீர் அதை மேலே தள்ளுகிறது. தராசுத் தட்டுகளைப் போலத்தான்! குழாயின் அடி நீர்மட்டத்திற்கு வெகு கீழே இருந்தால்தான் இம்முறை பலிக்கும். கிணற்றுக்குள் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. ஆகவே மணல் கலந்து வந்தாலும் தேய்வதற்கு ஒன்றுமில்லை.

அந்த நீர் விட்டுவிட்டுக் குபுக் குபுக்கென்று வருவது ஏன்? காற்று குறைவாக இருந்தால் சிறு குமிழிகள் பரவலாக எழும். இது குமிழிப் பாய்வு. காற்று மிகுந்தால் அவை ஒன்றுகூடிக் குழாயையே அடைக்கும் பெருங்குமிழிகளாகின்றன. அவற்றினிடையே நீர் துண்டு துண்டாக வருகிறது. இது துண்டுப் பாய்வு. காற்று இன்னும் மிகுந்தால் நடுவே காற்று பாயும். நீரோ குழாய்ச் சுவரில் படலமாக ஒட்டி ஊரும். இது வளையப் பாய்வு. அப்போது காற்று வீணாகும். நீர் கொஞ்சமே கிடைக்கும்.

தொழிற்சாலைகளுக்கும் இந்த அறிவு இன்றியமையாதது. எண்ணெய்க் கிணறுகளிலிருந்து எண்ணெயும் நீரும் வாயுவும் கலந்து வருகின்றன. துண்டுப் பாய்வு ஏற்பட்டால், வேகமாக வரும் திரவத் துண்டு குழாயின் வளைவுகளைச் சம்மட்டிபோல் தாக்கும். நெய்வேலி போன்ற அனல்மின் நிலையங்களின் கொதிகலன்களிலும் நீரும் நீராவியும் ஒரே குழாயில் ஓடுகின்றன. சுவரை நனைக்கும் நீர்ப்படலம் வறண்டால் குழாய் அளவுக்கு மீறிச் சூடேறி வெடிக்கக்கூடும்.

பலநிலைப் பாய்வின் பயங்கர வடிவம் காட்டாற்று வெள்ளம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. வெள்ளத்தில் மண்ணும் கல்லும் மரக்கிளைகளும் சேர்ந்து வருகின்றன. 100 கிலோ பாறை நீருக்குள் ஏறத்தாழ 60 கிலோ எடையே காட்டும். சேறு கலந்த நீரில் இன்னும் குறையும். நீரின் வேகம் இரு மடங்கானால் அதன் தாக்கு விசை நான்கு மடங்காகும். பாறைகள் உருண்டு வருவதில் வியப்பென்ன?

அருவிக்கரையில் வெயில் அடித்தாலும் மலைமேல் மழை பெய்துகொண்டிருக்கலாம். தெளிந்த நீர் செந்நிறமானாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ ஒரு கணமும் தாமதிக்காதீர்கள். உடனே கரையேறி மேட்டுக்குச் செல்லுங்கள். உடன் இருப்பவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.