கொதிக்கும் குளம்புக்கு ஒத்தடம் வேண்டாம்

ஊசி போட்டாயிற்று, ஒத்தடம் கொடுத்தாயிற்று, நடத்தியும் பார்த்தாயிற்று. எதற்கும் கேட்கவில்லை என்ற பிறகுதான் லேமினைடிஸ் என்ற குளம்பு நோய் வந்த குதிரைகளை எங்களிடம் கொண்டுவருகிறார்கள். அதற்குள் குளம்போடு எலும்பைப் பிணைக்கும் திசு கிழிந்து, எலும்பு கீழ்நோக்கித் திரும்பத் தொடங்கியிருக்கும்.

எதனால் வருகிறது?

பெரும்பாலும் தீவனத்தால். கட்டவிழ்த்துக்கொண்டு மக்காச்சோள மூட்டையில் வாய் வைத்த குதிரை, திருவிழாவில் ஆளாளுக்குச் சோறும் வெல்லமும் ஊட்டிய குதிரை. செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலில் புளித்து, அதன் நச்சு குளம்பைத் தாக்குகிறது. கழுத்து மேட்டில் கொழுப்பு திரண்ட குதிரைக்கு இன்சுலின் கோளாறாலும் வரும். ஈன்ற குதிரைக்கு 3 மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழாவிட்டாலும் ஆபத்துதான்.

ஒரு கால் முறிந்தால், பாரம் தாங்கும் மறுகாலிலும் வரும். 2006இல் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற பார்பரோ என்ற குதிரைக்கு அப்படித்தான் நேர்ந்தது. மாதக்கணக்கில் சிகிச்சை தந்தும் 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் நம்பாதீர்கள்

“நடக்க நடக்கச் சரியாகிவிடும்” என்பார்கள். ஆகாது. ஒவ்வொரு அடியிலும் அந்தத் திசு மேலும் கிழியும்.

“மார்பு பிடித்துக்கொண்டது” என்று தோளில் தைலம் தேய்க்கிறார்கள். குதிரை நிற்பதைப் பாருங்கள். முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னங்கால்களில் போட்டு நிற்கும். திரும்பச் சொன்னால் தயங்கும். குளம்பு சுடும், கணுவுக்குக் கீழே விரல் வைத்தால் நாடி அடித்துத் துடிக்கும். நோவு தோளில் இல்லை, குளம்பில்.

அந்தச் சுடும் குளம்புக்குத்தான் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறார்கள்! வேண்டியது ஐஸ்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் ஸ்டீராய்டு ஊசி இந்த நோயை முற்றவைக்கலாம். வலி மாத்திரையையும் இஷ்டத்துக்குக் கொடுத்தால் குடலில் புண், சிறுநீரகத்தில் கேடு. வலி மரத்த குதிரையை மறுநாளே சவாரிக்கு ஓட்டுவது அதைவிடக் கொடுமை. உள்ளங்குளம்பைக் கீறி ரத்தம் எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

சிகிச்சை

தானியத்தை உடனே நிறுத்த வேண்டும். குளம்பிலிருந்து கணுவுக்கு மேல்வரை ஐஸ் தண்ணீரில், தொடக்க நிலையில் 2, 3 நாள் விடாமல் வைக்க வேண்டும். தரையில் கனமாக மணல் பரப்புங்கள், படுத்தால் எழுப்பாதீர்கள். எக்ஸ்ரேயும் இன்சுலின் சோதனையும் தேவை. வலிக்கு மருத்துவர் சொல்லும் மருந்து மட்டும். எலும்பு திரும்பிய அளவைப் பார்த்து லாடக்காரர் குளம்பைச் சீவ வேண்டும். தேற மாதங்கள் ஆகும்.

தயவுசெய்து

தீவன மூட்டையை அறையில் வைத்துப் பூட்டுங்கள். 300 கிலோ குதிரைக்கு நாளுக்கு 5 கிலோ உலர்புல்லாவது போடுங்கள். கொள்ளையும் தவிட்டையும் அளந்து, பிரித்துக் கொடுங்கள். தீவனத்தை மாற்றுவதானால் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள்.

மூட்டையில் வாய் வைத்துவிட்டதா? நொண்டல் அன்றே தெரியாது. பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். அந்த இடைவெளியில்தான் எங்களால் அதிகம் செய்ய முடியும். குதிரை நன்றாக நிற்கிறதே என்று காத்திருக்காமல், அன்று இரவே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.