சிலம்பும் திரையும்

முல்லைத்தீவு மாவட்டத்திலே, தண்ணீரூற்றுக்கும் முள்ளியவளைக்கும் அணித்தாக, நந்திக்கடலின் கரையில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் அமைந்திருக்கின்றது. கடல்நீரில் விளக்கேற்றி வைகாசியிற் பொங்கலிடும் அக்கோயிலைச் சூழ்ந்து வாழும் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த கதை, உண்மையில் ஒரு வழக்கின் கதையாகும். அரசியின் சிலம்பு காணாமற் போயிற்று. கள்வன் இன்னான் என்று பொற்கொல்லன் ஒருவன் சுட்டிக் காட்டினான். காவலர் சென்று பார்த்தபோது கோவலன் கையிலே சிலம்பு இருந்தது. அது மெய்யான சிலம்பு. அது அவன் கையில் இருந்ததும் மெய். பொய்யாக இருந்தது அச்சிலம்பைப் பற்றிச் சொல்லப்பட்ட சொல் ஒன்றுதான். அச்சொல்லை ஆராயாத அரசன் கோவலனைக் கொலைக்களத்துக்கு அனுப்பினான். சிலம்பை உடைத்து உள்ளிருந்த பரல் முத்தா, மாணிக்கமா என்று பார்ப்பதற்குள் காலம் கடந்து விட்டது.

விவரணப்படம், அல்லது இக்காலத்தார் வழங்கும் ஆவணப்படம், பார்ப்போனை அப்பாண்டியன் இருந்த இடத்திலேயே இருத்துகின்றது. திரையில் தோன்றும் காட்சி பெரும்பாலும் மெய்யானது. ஆனால் அக்காட்சியை எடுத்தவர் யார், அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவை யாவை, அதன் மேல் ஒலிக்கும் குரல் யாருடையது என்பவை திரையிலே தோன்றுவதில்லை. 2009 ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்த வன்னிப் பிள்ளைகள் இன்று உயர் வகுப்புகளிற் பயில்கின்றனர். தம் ஊரின் அண்மைக்கால வரலாற்றை அவர்கள் பாடநூலிற் படிப்பதிலும் கைத்தொலைபேசியிற் பார்ப்பதே மிகுதி. ஆகவே எந்தப் படத்தைப் பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம் என்று சொல்லிக் கொடுப்பது ஆசிரியர்களும் இலக்கிய வட்டத்தினரும் ஏற்க வேண்டிய பணியாகின்றது.

இக்கலை தமிழருக்குப் புதியதன்று. ஏ. கே. செட்டியார் உலக நாடுகள் பலவற்றுக்கும் சென்று, பிறர் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடித் திரட்டி, 1940 ஆம் ஆண்டிலே மகாத்மா காந்தியைப் பற்றிய படத்தை வெளியிட்டார். அவர் திரட்டியது ஏறக்குறைய 50,000 அடி; படமாக வந்தது ஏறக்குறைய 12,000 அடி. எஞ்சியவற்றிலும் பொய் ஒன்றும் இருந்திராது. எனினும் அவை விடப்பட்டன. விவரணப்படம் ஆக்குவோன் செய்யும் தலையாய தொழில் எதை விடுவது என்று துணிவதேயாம். ஆதலால் அவனது சார்பைத் தேடுவோர், அவன் காட்டியவற்றுள் மட்டுமன்றி விட்டவற்றுள்ளும் தேடுதல் வேண்டும்.

நொக்ஸ் கண்ட வன்னி

நம் நாட்டைப் பற்றிய விவரணப்படங்களுள் உலகப் புகழ் பெற்றது 'சோங் ஒஃப் சிலோன்'. ஜோன் கிறியர்சன் தயாரிக்க, பசில் றைற் நெறிப்படுத்தி 1934 இல் உருவான அப்படம் 1935 இல் பிரசெல்ஸ் திரைப்பட விழாவிலே முதற் பரிசு பெற்றது. ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள் ஓடும். சிவனொளிபாத மலை ஏறும் அடியார்கள், பொலநறுவைச் சிலைகள், கண்டி நடனம் ஆகியவற்றை அது காட்டும் அழகு இன்றும் மங்கவில்லை. இலங்கையரான லயனல் வென்ட், ரொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலின் பகுதிகளைப் படித்துக் குரல் கொடுத்திருக்கின்றார்.

அப்படத்துக்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. ஆயினும் தேயிலை விளம்பரமாக அது அமையவில்லை. பணம் கொடுத்தவரின் கருத்தே படத்தின் கருத்து என்று பார்க்குமுன்னரே தீர்ப்பளித்து விடலாகாது என்பதற்கு இது நல்ல சான்று. மற்றொரு புறம், தேயிலையை விளைத்த மலையகத் தமிழ்த் தொழிலாளர் அதிலே பெயரும் பேச்சும் இல்லாத உருவங்களாய் நின்று விடுகின்றனர். வடக்கையோ வன்னியையோ பற்றிய பகுதி ஒன்றும் அதில் இல்லை. வியப்பு யாதெனில், அப்படம் எடுத்தாண்ட நூலிலே வன்னி இருக்கின்றது என்பதே. 1660 இல் கொட்டியாரக் குடாவிற் பிடிபட்ட நொக்ஸ், ஏறக்குறைய இருபது ஆண்டு கண்டி அரசிற் சிறையிருந்து, 1679 இலே மல்வத்து ஓயா வழியாகத் தப்பி மன்னார்ப் பக்கத்து அரிப்பை அடைந்தார். அவ்வழியில் வன்னியர் ஆட்சிப் புலத்தையும் அங்கே தமிழ் பேசும் மக்களையும் கண்டு தம் நூலில் எழுதி வைத்தார். நூலில் இருந்த நாடு படத்தில் இல்லாமற் போயிற்று. 'இலங்கையின் கீதம்' என்று தலைப்பிட்டு அதன் ஒரு பகுதியை மட்டும் பாடியதே அப்படத்தின் சார்பு. அதில் ஒரு சட்டமேனும் பொய்யென்று சொல்ல முடியாதபோதிலும் அச்சார்பு இருக்கத்தான் செய்கின்றது.

ஒரே போர், இரு படங்கள்

அழகிய படத்தில் சார்பு காண்பது எளிது. நம் நெஞ்சைப் பிளக்கும் படத்திலே அதைத் தேடுவது அரிது. ஆயினும் தேடாமல் இருத்தல் இயலாது.

2008 செப்டெம்பரில், ஐக்கிய நாடுகள் ஊழியரும் அனைத்துலகத் தொண்டு நிறுவனத்தாரும் வன்னியை விட்டு வெளியேறுமாறு அரசாங்கத்தாற் பணிக்கப்பட்டனர். சுதந்திரமான செய்தியாளர் உள்ளே செல்லவும் வழி இருக்கவில்லை. எனவே 2009 ஜனவரி தொடக்கம் மே வரை அங்கே எடுக்கப்பட்ட காட்சிகள் அகப்பட்டிருந்த மக்களிடமிருந்தும், புலிகளின் படப்பிடிப்பாளரிடமிருந்தும், அரச படைகளிடமிருந்தும், படையினர் சிலரின் கைத்தொலைபேசிகளிலிருந்துமே வந்தன. இக்காட்சிகளைக் கொண்டு கலம் மக்ரே ஆக்கிய 'இலங்கையின் கொலைக்களங்கள்' பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சியில் 2011 யூன் 14 ஆம் தேதி ஒளிபரப்பாயிற்று. அதற்கு மறுமொழியாக இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு அதே ஆண்டு ஓகஸ்டில் 'ஒப்புக்கொள்ளப்பட்ட பொய்கள்' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் தன் படத்தை வெளியிட்டது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு பரிந்துரைப்போம். சனல் 4 படம் துன்புற்ற மக்களின் பக்கம் நின்று பேசுகின்றது. புலிகள் மக்களை வெளியேற விடாது தடுத்ததையும் அது கூறத்தான் செய்கின்றது. ஆனால் அதற்கு ஒதுக்கப்பட்ட நேரம் சிறிது. இது சார்பு. ஆனால் சார்பு இருப்பதனாற் செய்தி பொய்யாகி விடுமா? கைத்தொலைபேசிக் கொலைக் காட்சிகள் போலியானவை என்று அரசு கூறியது. அவற்றுள் முதலில் வெளிவந்த காட்சியை ஆராய்ந்த, ஐக்கிய நாடுகள் சிறப்பு அறிக்கையாளர் நியமித்த நிபுணர்கள், அது மெய்யென்றே கருதினர் என்பது 2010 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. படத்தின் மீது வந்த முறைப்பாடுகளை விசாரித்த பிரித்தானிய ஒலிபரப்பு ஒழுங்கமைப்பு நிறுவனமான ஒஃப்கொம், விதிமீறல் இல்லை என்று 2011 இலேயே முடிவு செய்தது. இலங்கை அரசே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் அக்காட்சிகளைப் பற்றிச் சுதந்திரமான விசாரணை வேண்டும் என்று தன் அறிக்கையிற் பரிந்துரைத்தது.

அமைச்சின் படத்தையும் இவ்வாறே உடைத்துப் பார்த்தல் வேண்டும். புலிகளின் கொடுமைகளைப் பற்றி அது சொல்வன யாவும் புனைவல்ல. 2011 ஏப்ரலில் வெளிவந்த ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவின் அறிக்கை, புலிகள் மக்களைக் கேடயமாக வைத்திருந்ததையும், சிறுவரைப் பலவந்தமாகச் சேர்த்ததையும், தப்பி ஓடியோரைச் சுட்டதையும் எடுத்துரைக்கின்றது. ஆனால் அதே அறிக்கை, இறுதிக் கட்டத்திலே மாண்ட மக்களுட் பெரும்பாலோர் அரச படைகளின் எறிகணை வீச்சினால் மாண்டனர் என்றும், இறந்தோர் தொகை 40,000 வரை இருக்கலாம் என்றும் கூறுகின்றது. ஒரு மெய்யைச் சொல்லி மற்றொரு மெய்யை மறைக்க முயல்வது அமைச்சுப் படத்தின் போக்கு. இதை அறியாமல், 'அவரும் ஒரு படம் எடுத்தார், இவரும் ஒரு படம் எடுத்தார், உண்மை நடுவில் இருக்கும்' என்று கூறி எழுந்து போவது நடுநிலை ஆகாது. தராசின் இரு தட்டிலும் ஒரே அளவான கல்லை வைப்பவன் ஒன்றையும் நிறுக்கவில்லை.

சொல்பவரின் நிலை

அடுத்து, பேசுவோர் எந்நிலையிற் பேசுகின்றனர் என்பதை வினவுதல் வேண்டும். போரின் இறுதி வரை வன்னியிற் பணிபுரிந்த அரச மருத்துவர்கள் பின்னர் காவலில் வைக்கப்பட்டனர். 2009 யூலையில் கொழும்பிலே செய்தியாளர் முன் நிறுத்தப்பட்டபோது, முன்னர் தாம் கொடுத்த இழப்புக் கணக்குகள் மிகையானவை என்றனர். காவலில் இருப்பவர் வாய்ச்சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பார்ப்போர் சிந்திக்க வேண்டும். அவ்வாறே, நோர்வே நாட்டவரான பெயாட்டே ஆர்னெஸ்டாட் 2007 இல் வெளியிட்ட 'மை டோட்டர் த ரெறறிஸ்ற்' என்னும் படத்தையும் நோக்குவோம். கரும்புலிப் பெண்கள் இருவரையும் ஒருத்தியின் தாயையும் பற்றிய அப்படம் புலிகளின் ஆட்சிப் பகுதியில் எடுக்கப்பட்டது. அதிலே தாய் பேசும் சொற்களிலும், பேசாது விழுங்கும் இடங்களிலும், மெய் பொதிந்திருக்கின்றது. கட்டுப்பாட்டின் கீழ் வாழ்பவர் சொல்லை எதிர்த்தரப்பின் காவலில் மட்டும் ஐயுற்று, நம் தரப்பில் அப்படியே ஏற்பது நேர்மையன்று.

ஹெலன் குளொடாவ்ஸ்கி 2005 இல் கனடாவில் ஆக்கிய 'நோ மோர் ரியர்ஸ் சிஸ்ரர்', 1989 செப்டெம்பர் 21 ஆம் தேதி யாழ்ப்பாணத்திற் சுட்டுக் கொல்லப்பட்ட மருத்துவ விரிவுரையாளர் ரஜனி திராணகமவின் வாழ்வைக் கூறுவது. எழுத்தாளர் மைக்கல் ஒண்டாச்சி குரல் கொடுத்த அப்படத்தில், ரஜனியின் வேடத்தில் அவர் மகளே தோன்றுகின்றார். நடித்துக் காட்டப்பட்ட காட்சி எது, அக்காலத்திலேயே எடுக்கப்பட்ட காட்சி எது என்று மாணவர் பிரித்தறியப் பயில்வதற்கு இதனினும் தகுந்த படம் அரிது. ஜூட் ரட்ணம் 2017 இல் வெளியிட்ட 'டீமன்ஸ் இன் பரடைஸ்', தமிழ் இயக்கங்கள் தமக்குள்ளே புரிந்த கொலைகளைத் தமிழர் ஒருவரே பேசும் படம். முள்ளிவாய்க்காலின் முழுக் கதையை அதிலே தேடுவோர் ஏமாறுவர். ஆயினும் மற்றப் படங்கள் தயங்கிக் கடந்து போகும் இடத்தில் அது நின்று பேசுகின்றது.

படத்தைத் தடுப்பதும் எடைபோடும் முறையன்று. மக்ரே 2013 இல் முடித்த 'போர் தவிர்ப்பு வலயம்' என்ற படத்தைக் கோலாலம்பூரிலே திரையிட உதவிய பெண்மணி ஒருவர் மீது மலேசிய அரசு வழக்குத் தொடுத்து, 2017 இல் அவருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. இந்தியத் தணிக்கைச் சபை 2014 இல் அப்படத்துக்குச் சான்றிதழ் மறுத்தது. அச்செய்திகளைக் கேட்டு வெகுண்ட நாம், 2018 இலே 'டீமன்ஸ் இன் பரடைஸ்' யாழ்ப்பாணத் திரைப்பட விழாவிலிருந்து எதிர்ப்பின் காரணமாக விலக்கப்பட்டபோதும் அவ்வாறே வெகுண்டோமா என்று நம்மை நாமே கேட்டுக் கொள்ளுதல் நன்று.

தண்ணீரூற்றின் வினா

படங்களைத் திரையிட விரும்பும் பாடசாலை இலக்கிய மன்றங்களுக்கு ஓர் ஒழுங்கு கூறலாம். முதலில் 'சோங் ஒஃப் சிலோன்'. பின்னர் ரஜனியைப் பற்றிய படம். அதன் பின் ஆர்னெஸ்டாட், ஜூட் ரட்ணம் ஆகியோரின் படங்கள். 2011 இன் இரு படங்களை முதிர்ந்த மாணவர்க்கு மட்டும், முன்னறிவித்து, அறிக்கைகளையும் மேசையில் வைத்துக் கொண்டு காட்டுதல் தகும். வன்னியிலே இது மேலும் கவனத்துக்குரியது. திரையில் விழும் உடலைப் பார்க்கும் பிள்ளைக்கு அது தன் உறவினராகவும் இருக்கலாம். வெளியே போக விரும்பும் பிள்ளையை ஆசிரியர் தடுத்தலாகாது.

இத்தனையும் பார்த்து முடித்த பின்னர், ஒவ்வொரு படத்தையும் நோக்கித் தண்ணீரூற்று என்ற ஊர் கேட்கக் கூடிய வினா ஒன்றுண்டு. இவ்வூரிலே தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வட மாகாணத்து முஸ்லிம்கள் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டபோது, தண்ணீரூற்று முஸ்லிம்களும் வீடுவாசலை விட்டுப் போயினர். அவர்களுட் பலர் புத்தளத்து அகதி முகாம்களிலே ஆண்டுக் கணக்கில் வாழ்ந்தனர். 2008 இன் இறுதியில் போர் முள்ளியவளைக்கு வந்தபோது எஞ்சியிருந்த தமிழரும் இடம்பெயர்ந்து கிழக்கு நோக்கிச் சென்றனர். ஓர் ஊர் இரு முறை வெறுமையாயிற்று. நாம் பரிந்துரைத்த படங்களுள் எதுவும் 1990 இன் வெளியேற்றத்தைத் தன் பொருளாகக் கொண்டதன்று. தனித்தனியே பார்க்கையில் இது எவர் குற்றமும் ஆகாது. எல்லாவற்றையும் பார்த்து முடித்த ஒரு மாணவன், இவ்வூரில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர் என்பதையே அறியாமல் எழுந்து போவானாயின், அந்த அறியாமை அப்படங்கள் யாவும் சேர்ந்து விளைத்ததாகும்.

மீண்டு வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் இன்று அங்கே இருக்கின்றன. முள்ளிவாய்க்காலிலிருந்து மீண்ட தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. 1990 ஐ நினைவில் வைத்திருப்போர் முதுமை எய்தி வருகின்றனர். கமெரா ஒன்று இக்காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் கைத்தொலைபேசியாய்க் கிடக்கின்றது. இரு சாராரின் அனுமதியோடும் அவர்களின் சொற்களை, வெட்டாமலும் ஒட்டாமலும், நாளும் இடமும் குறித்துப் பதிந்து வைக்க மாணவர்களால் இயலும். அவற்றிலிருந்து படம் ஒன்றை ஆக்குவோர் பின்னர் வரட்டும். அவர்கள் எதை எடுத்தனர், எதை விட்டனர் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, முழுப் பதிவும் ஊரவர் கையிலே இருத்தல் வேண்டும்.