சிவக்கும் சுருளும் சில எச்சரிக்கைகளும்

மின்சார அடுப்பின் சுவிட்சைப் போட்டதும் அதன் சுருள் சிவந்து ஒளிர்கிறது. ஆனால், அடுப்புக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பி அப்படிச் சிவப்பதில்லை. இரண்டிலும் பாய்வது ஒரே மின்னோட்டம்தானே? பின் ஏன் இந்த வேறுபாடு?

விடை மின்தடையில் இருக்கிறது. கம்பியின் உள்ளே இருப்பது செம்பு. மின்சாரத்தை எளிதில் கடத்துவது. சுருளோ நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் என்னும் உலோகக் கலவை. ஒரே அளவுள்ள கம்பிகளை ஒப்பிட்டால், நிக்ரோமின் மின்தடை செம்பைப்போல் சுமார் 60 மடங்கு. தடை மிகுந்த இடத்தில் வெப்பமும் மிகுதியாகத் தோன்றுகிறது.

நிக்ரோமுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. செந்நிறமாகக் காயும் இரும்புக் கம்பி காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து விரைவில் செதிலாக உதிர்ந்துவிடும். நிக்ரோமின் மேலோ குரோமியம் ஆக்சைடு மெல்லிய படலமாகப் படிந்து, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் இக்கலவைக்கு 1906-இல் காப்புரிமை பெற்றார்.

எந்தப் பிளக்கில் செருகுவது?

230 வோல்ட் மின்சாரத்தில் 1000 வாட் அடுப்பு 4.3 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. 2000 வாட் அடுப்பு 8.7 ஆம்பியர். விளக்குக்கும் விசிறிக்கும் உரிய 6 ஆம்பியர் பிளக் பாயிண்டில் 2000 வாட் அடுப்பைச் செருகினால் உள்கம்பிகள் சூடேறி, மேலுறை உருகித் தீப்பிடிக்கலாம். அதற்கு 16 ஆம்பியர் பாயிண்டே ஏற்றது. 1000 வாட் அடுப்பு ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட் செலவாகும்.

அறுந்த சுருளை முறுக்கலாமா?

சுருள் அறுந்ததும் இரு முனைகளையும் இழுத்து முறுக்கிவிடுவது பல வீடுகளில் வழக்கம். இதனால் என்ன நேர்கிறது என்று பாருங்கள். கருகிய துண்டு கழிந்து, கம்பியின் நீளம் பத்தில் ஒரு பங்கு குறைந்ததாகக் கொள்வோம். தடையும் அவ்வளவே குறைகிறது; மின்னோட்டம் கூடுகிறது. 1000 வாட் அடுப்பு ஏறத்தாழ 1110 வாட் ஆகிவிடும். குறைந்த நீளத்தில் கூடுதல் வெப்பம்! ஒவ்வொரு சென்டிமீட்டரும் முன்னைவிட 23 சதவீதம் மிகுதியான வெப்பத்தைத் தாங்க வேண்டும். முறுக்கிய இடத்தில் தொடர்பு தளர்ந்திருப்பதால் அங்கே பொறி பறந்து மீண்டும் அறுகிறது. அதே வாட் அளவுள்ள புதுச் சுருளை மாட்டுவதே சரி.

தொட்டால் ஆபத்து

பீங்கான் தட்டின் பள்ளத்தில் திறந்தபடி கிடக்கும் சுருளில் மின்சாரம் நேரடியாக ஓடுகிறது. அடி புடைத்த பாத்திரம் சுருளைத் தொட்டால் பாத்திரத்திலும் மின்சாரம் பாயும். அதிலுள்ள குழம்பைக் கரண்டியால் கிளறுபவர் உயிரிழக்கவும் கூடும். பொங்கி வழியும் பாலும் உப்பு நீரும் அவ்வாறே மின்சாரத்துக்கு வழி அமைத்துக் கொடுக்கும்.

ஆகையால் இவற்றை மறவாதீர்கள்:

1. தட்டையான அடியுள்ள பாத்திரத்தையே வையுங்கள்.

2. மூன்று முனைப் பிளக்கையே பயன்படுத்துங்கள். அடுப்பின் உலோக உடல் எர்த் கம்பியுடன் இணைந்திருக்க வேண்டும்.

3. சுவிட்சு ஃபேஸ் கம்பியில் இருக்க வேண்டும். நியூட்ரலில் இருந்தால், அணைத்த பின்னும் சுருளில் மின்சாரம் இருக்கும்.

4. துடைக்குமுன் பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிடுங்கள். சிவப்பு மறைந்த பின்னும் சுருள் சுடும். ஆறியபின் உலர்ந்த தூரிகையால் கருகலை நீக்குங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

புதிதாக வாங்குவோர் மூடிய சுருள் அடுப்பைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் நிக்ரோம் கம்பி ஓர் உலோகக் குழாயினுள் இருக்கும்; இரண்டுக்கும் இடையே மக்னீசியம் ஆக்சைடுத் தூள் நிரப்பப்பட்டிருக்கும். இத்தூள் வெப்பத்தை வெளியே விடும், மின்சாரத்தை விடாது. சமையலுக்கு நமக்கு வேண்டியதும் அதுதானே!