சுவர்ப் பத்திரிகையில் ஒரு படம்

சென்ற ஆண்டு, நாம் கற்பிக்கும் கல்லூரியில் மாணவர் நடத்தும் சுவர்ப் பத்திரிகையில் ஒரு கேலிச்சித்திரம் வெளியாயிற்று. நோய் தீர்க்கும் ஜெபக் கூட்டம் ஒன்றை அது காட்டிற்று. மேடையிலே நிற்கும் பிரசங்கியாரின் ஒரு கை முடவன் தலைமீது இருக்கிறது. மறு கை காணிக்கைத் தட்டை நீட்டுகிறது. வாயிலிலே ஊன்றுகோல் வியாபாரி கடையைப் பூட்டிவிட்டு அழுகிறான். வரைந்தவன் வெள்ளவத்தையிலிருந்து வரும் சைவ மாணவன். கைத்திறன் உள்ள பையன். பத்திரிகையின் அடியிலே பொறுப்பாசிரியரின் கையொப்பம் இருந்தது. அது எம்முடையது. படத்தைப் பாராமலே ஒப்பமிட்டுவிட்டோம்.

மூன்றாம் நாள் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மாணவனின் தந்தையார் வந்தார். இயேசுநாதரையே பழித்துப் படம் போட்டிருக்கிறார்களாம். வரைந்தவனைக் கல்லூரியை விட்டு நீக்காவிடில் பொலிசுக்குப் போவேன் என்றார். அது வெறும் மிரட்டல் அன்று. பிறர் சமய உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது எமது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். சமயப் பகைமையைத் தூண்டுவோர்மீது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டமும் பாயும். பதினேழு வயதுப் பையனை நினைத்து எமக்கு நெஞ்சு பதறிற்று.

எம்முடன் பணியாற்றும் கத்தோலிக்க ஆசிரியர் ஒருவர் அவ்வேளை அங்கிருந்தார். அவரும் கொட்டாஞ்சேனை வாசியே.

“ஐயா, படத்தை நீங்கள் பார்த்தீர்களா?” என்று மாத்திரம் கேட்டார்.

தந்தையார் பார்த்திருக்கவில்லை.

உங்கள் சமயத்தைப் பற்றிய காரியத்தில் உங்களுக்குக் கோபம் வராதது எவ்வாறு என்று பின்னர் நண்பரை வினவினோம். அவர் யோவான் சுவிசேஷத்திலுள்ள ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டினார். விசாரணையில் நின்ற இயேசு கூறிய மறுமொழி பிரதான ஆசாரியருக்கு அவமரியாதை என்று கருதிய சேவகன் ஒருவன் அவரை அறைந்தான். அவர் திருப்பி அறையவில்லை. தாம் பேசியது தவறாயின் அத்தவறை எடுத்துக்காட்டும்படியும், சரியாயின் அடிப்பது ஏன் என்றும் கேட்டார். பின்னர் தேவதூஷணம் சொன்னார் என்ற குற்றத்தின் பேரிலேயே அவர் மரணத்துக்குரியவர் எனத் தீர்க்கப்பட்டார். “அப்படித் தீர்க்கப்பட்டவரை வணங்கும் நாங்கள், அதே குற்றத்தைச் சுமத்தி ஒரு பையனைப் பொலிசில் கொடுக்கலாமா?” என்றார் நண்பர். சகோதரனை மூடன் என்று இகழ்பவன் ஆக்கினைக்கு உள்ளாவான் என்று எச்சரித்தவரும் அதே இயேசுதான் என்பதை அவர் சொல்ல மறக்கவில்லை. நாவைக் காப்பது பேசுவோன் கடமை. அதைத் தடியால் காப்பிப்பது கிறிஸ்தவ வழி அன்று என்பதே அவர் கருத்து.

கிறிஸ்தவர் யாவரும் எக்காலமும் இவ்வழியில் நின்றார்கள் என்று கூற முடியாது. 19ஆம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்து மிஷன் அச்சுக்கூடங்கள் சைவத்தை இகழும் சிறு பிரசுரங்களை ஏராளமாக வெளியிட்டன. அந்நாளிலே ஆங்கிலக் கல்வி வேண்டிய சைவப் பிள்ளை மிஷன் பாடசாலையையே நாட வேண்டியிருந்தது. தன் தாய் தந்தையர் வழிபாட்டைப் பழிக்கும் ஆசிரியரை எதிர்த்து அப்பிள்ளை என்ன சொல்லிவிட முடியும்? பெற்றோர் விரும்பாவிடில் பிள்ளை பிற சமயபாடத்துக்கு இருக்க வேண்டியதில்லை என்று 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் விதித்தது இந்த நிலையை மனத்திற் கொண்டே போலும்.

அப்படி ஒரு மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பிலே துணைநின்றவர் நல்லூர் ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ என்னும் நூலை வெளியிட்டார். பாதிரிமாரின் வாயை அடைக்குமாறு அதில் அரசாங்கத்திடம் முறையிட்டாரல்லர். அவர்களுடைய வேதாகமத்தையே விரித்துவைத்து, எருசலேம் ஆலயத்திலும் தீபமும் தூபமும் ஆசாரியரும் ஆசாரமும் இருந்தனவே, அவை உங்களுக்குப் புனிதமாயின் எங்கள் கோயிலில் உள்ளவை மாத்திரம் இழிவானது எங்ஙனம் என்று கேட்டார். தவறாயின் தவறை எடுத்துக்காட்டு என்ற இயேசுவின் வார்த்தையைக் கிறிஸ்தவரிடமே நிறைவேற்றிக் காட்டியவர் அவர். நாவலரின் எழுதுகோல் பஞ்சினால் ஆனதன்று. அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் அது எழுதுகோல்.

எழுதுகோலுக்குப் பதிலாகக் கல்லும் தடியும் எழுந்த நாளைக் கொட்டாஞ்சேனை அறியும். 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. தீபதுத்தாராமய விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டது, ஓர் உயிர் போயிற்று, பலர் காயமுற்றனர். கிறிஸ்தவ சமயச் சின்னங்களை இழிவுசெய்யும் உருவங்கள் ஊர்வலத்தில் வருகின்றன என்ற வதந்தி முன்னரே பரவியிருந்தது. வந்தவர்களுள் எத்தனைபேர் அவற்றைக் கண்ணாற் கண்டார்கள்?

137 ஆண்டுகளுக்குப் பின், 2020 அக்டோபர் 16ஆம் திகதி, பிரான்சிலே சாமுவேல் பத்தி என்னும் சரித்திர ஆசிரியர் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார். கருத்துச் சுதந்திரம் பற்றிய பாடத்திலே நபிகள் நாயகத்தைப் பற்றிய கேலிச்சித்திரங்களைக் காட்டினார் என்பதே காரணம். அவருக்கு எதிரான கிளர்ச்சி ஒரு சிறுமி வீட்டிலே சொன்ன கதையிலிருந்து தொடங்கியது. அவள் அப்பாடத்தின்போது வகுப்பிலேயே இருக்கவில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று.

பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 15ஆம் திகதி, எமக்குத் தைப்பொங்கலன்று, கொழும்பிலிருந்து மணிலாவுக்குப் பறந்துகொண்டிருக்கையில் இதே பொருள் பற்றிப் பேசினார். பாரிஸ் நகரத்துக் கேலிப் பத்திரிகை அலுவலகத்திலே கொலை நிகழ்ந்து அப்போது எட்டு நாள். கடவுளின் பேராற் கொல்வது தகாது. மனத்திற்பட்டதைப் பேசுவது உரிமையும் கடமையுமாகும். ஆயினும் பிறர் நம்பிக்கையை இழிவுசெய்தல் ஆகாது என்றார். தம் தாயைப் பழிப்பவன் ஒரு குத்தை எதிர்பார்க்கலாம் என்று வேடிக்கையாகவும் சொன்னார். தாயைச் சொன்னால் யாருக்குத்தான் கை எழாது? இருப்பினும், அறை வாங்கியவரின் கேள்வியை அறிந்தபின் அந்தக் குத்து எமக்குச் சற்று நெருடுகிறது.

எம் கல்லூரிக் கதைக்கு வருவோம். தந்தையாரைச் சுவரருகே அழைத்துச் சென்றோம். நெடுநேரம் பார்த்தார். “இயேசுநாதர் இதில் இல்லை” என்றார். பின்னர், குரல் தாழ, “என்றாலும் பிழைதான், மாஸ்டர். இவன்ரை தாய் இரண்டு வருஷமாய் நோயாளி. அந்தக் கூட்டத்துக்குப் போனால்தான் அவளுக்கு இரவிலை நித்திரை” என்றார்.

வதந்தி கலைந்தது, நோவு கலையவில்லை. படம் வரைந்தவனை அழைத்து இதைச் சொன்னபோது அவன் முகம் வெளுத்தது. காணிக்கை வாங்கி ஏய்ப்பவர்களைத்தான் நினைத்தேன், சேர் என்றான். அதுவும் பொய்யன்று, அப்படிப்பட்டவர்கள் எச்சமயத்திலும் உளர். படத்தைக் கழற்றும்படி நாம் கட்டளையிடவில்லை. நண்பரின் யோசனைப்படி, மறுப்பு எழுத விரும்பினால் அதற்குப் பக்கத்திலேயே இடம் உண்டென்று கொட்டாஞ்சேனைப் பையனிடம் கூறினோம்.

நான்கு நாட்களின்பின் அவன் ஒரு தாளைக் கொண்டுவந்தான். கூட்டம் முடிந்து தாயைக் கைப்பிடித்து பஸ்ஸில் ஏற்றி வரும்போது அவள் தன்னிடம் பேசுவனவற்றை எழுதியிருந்தான். காணிக்கைத் தட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதலில் வாசித்தவன் படம் வரைந்தவனே. இரண்டு தாள்களும் தவணை முடியும்வரை அருகருகே இருந்தன. மறுப்பிலே எழுத்துப்பிழை மூன்று இருந்தது. திருத்தி, முழுவதையும் வாசித்த பின்னரே ஒப்பமிட்டோம்.